ரெண்டாயிரத்து அறுநூறு மரம்

மரம் ஒன்றுக்கு ரெண்டரை ரூபாய்.
கிராபிக்ஸ் கார்டு ஆறாயிரத்து ஐந்நூறு.
கணக்கு எனக்குப் பால்வெட்டில்தான் வரும்:
எட்டு விடியல், பிறகு நாற்பது மரம்.
அது கார்டுக்கு மட்டும்.
பவர் சப்ளையில் கஞ்சத்தனம் பார்க்காதே,
அது வெடித்தால் மற்றதெல்லாம் அதோடு போகும்
என்று எல்லாரும் சொன்னார்கள்.
அதற்கு இன்னும் ஒரு வாரம் இருட்டில் எழுந்தேன்.

நாகர்கோவில் கடையில்
"தம்பிக்கா?" என்று கேட்டார்.
"எனக்கு."
"படிப்புக்கா?"
"விளையாட."
அவர் என் நகங்களைப் பார்த்தார்.
எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத பால்கறை.
பிறகு கலர் லைட் எரியும் கேபினெட்டை எடுத்து வைத்தார்.
நான் இருப்பதிலேயே மலிவான கறுப்புப் பெட்டியைக் காட்டினேன்.
வெளிச்சம் என்னிடம் உண்டு,
தலையில் கட்டிக்கொண்டுதானே மரத்துக்குப் போகிறேன்.

பிராசசரும் மதர்போர்டும்
திங்கள்சந்தையில் மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து.
கூடவே கீபோர்டு ஒன்று, இலவசம்.
அதில் டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கும் தேய்ந்திருந்தன.
விண்ணப்பம் மட்டும் நிரப்பிய கீபோர்டு இல்லை அது.

கார்டு குளச்சலில்.
குலசேகரத்திலிருந்து தக்கலை, அங்கிருந்து குளச்சல்,
ரெண்டு பஸ்.
விற்றவன் பேர் ஆன்றோ ஜெபின்.
அடுத்த செவ்வாய் பஹ்ரைனுக்குப் போகிறான், போட்டில் வேலை.
ஸ்க்ரூக்களில் உப்புத்துரு. அவனே சொன்னான்,
"கடலு ரெண்டு மதிலுக்கு அந்தால கெடக்கு, என்ன செய்ய?
ஓடும். பாரு."
ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்ட வேண்டியதை
முக்கால் மணி நேரம் காட்டினான்.
நான் கடைசி பஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
காசை எண்ணிக் கொடுத்தேன்,
எண்ணாமல் வாங்கிக்கொண்டான்.
கழற்றிய கார்டைப் பழைய ஜெர்சியில் சுற்றித் தந்தான்,
முதுகில் பத்தாம் நம்பர்.

கத்தி எவ்வளவு இறங்கலாம்,
எங்கே நின்றால் பட்டை பிழைக்கும் என்று
தூக்கத்திலும் சொல்லும் கை
ராமை அமுக்கப் பயந்தது.
டக்கென்று ஒரு சத்தம் வர வேண்டுமாம்.
வந்தது. முறிந்ததோ என்று
தலைவிளக்கோடு கவிழ்ந்து பார்த்தேன்.
முறியவில்லை.
பட்டனை அமுக்கினால் விசிறி சுற்றுகிறது,
திரை இருட்டு.
ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன்,
ஆன்றோவைத் திட்டினேன்,
அவன் கடலைத் திட்டினேன்.
மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகியிருக்கிறேன்.
கார்டில் செருக வேண்டும்.
சவம்.

மேல்வீட்டு ரெஜினாள் வைஃபை தந்தாள்,
ஒரு மாதம் அவள் ஆட்டுக்குக் குழை ஒடிக்கும் பேச்சில்.
விளையாட்டு அறுபத்திரண்டு ஜிபி.
ரெண்டு சுவர் தாண்டிச் சொட்டுச் சொட்டாக இறங்கியது.
அந்த வேகம் எனக்குப் பழக்கம்தான்.

அன்றைக்குப் பார்த்து இடவப்பாதி தொடங்கியது.
மழை என்றால் வெட்டு இல்லை, காசும் இல்லை,
ஆனால் ஒரு முழுப்பகல் என்னுடையது.
நாற்பத்தொன்று சதவீதத்தில்
தோட்டத்துக் கொம்பு ஒன்று ஒடிந்து
லைனில் விழுந்தது.
எந்த வரிசை, எத்தனையாவது மரம் என்றுகூட
எனக்குத் தெரியும்.
பகல் முழுக்கக் கறுத்த திரையில்
என் முகம்தான் இருந்தது.

ராத்திரி மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது.
மழையும் அப்போதுதான் விட்டது.
பட்டனை அமுக்கினேன்.
நாற்பத்தொன்றிலேயே யோசித்து நின்று, பிறகு நகர்ந்தது.
பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரங்கள் நிற்கும்.
தலைவிளக்கை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

இருநூறாவது மரத்தில்
எழுபது ஆகியிருக்கும் என்று நினைத்தேன்.
கொம்பு ஒடிந்த மரத்துக்கு வந்தபோது
அதையும் வெட்டினேன். பால் வந்தது.
ரெண்டரை ரூபாய்.

வீட்டுக்கு வந்து, கைகூடக் கழுவாமல் பார்த்தேன்.
அறுபத்தொன்று.