மேல்விலங்கு

நீடாமங்கலம் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால்
மழவராயர் மில்லில் ராத்திரி ஒன்றரை.
கலர் சார்ட்டர் நின்றுவிட்டது.
அதன் நெற்றியில் நாலு சீன எழுத்து:
喷阀堵塞
ஊதுவால்வில் அடைப்பு என்று பொருளாம்.
முதலாளியின் போனில் இது தெரிந்தாக வேண்டும்.
அதற்குத்தான் நான்,
தவிட்டுக் குவியல் ஓரம், ஸ்டூலில்,
மடியில் லேப்டாப்போடு.

பிஎச்பியில் ஒரே வரி.
பத்தில் வெட்டு என்றேன்.
அது எழுத்தை எண்ணவில்லை, பைட்டை எண்ணியது.
ஓர் எழுத்துக்கு மூன்று பைட்.
மூன்று எழுத்து ஒன்பதில் முடிய
நாலாவதன் தோள் மட்டும் உள்ளே வந்தது.
喷阀堵�
கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி.

வைரக்கண்ணு எட்டிப் பார்த்தான்,
வாயிலிருந்து கோணி ஊசியை எடுத்து
"குருணை" என்றான்.
ஆமாம்.

மூணாறு தலைப்பு இங்கிருந்து சைக்கிள் தூரம்.
வெண்ணாறு அங்கே வந்து
கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து
மிச்சத்துக்குத் தன் பெயரையே வைத்துக்கொள்கிறது.
தண்ணீரை எங்கே வெட்டினாலும் தண்ணீர்.
எழுத்து அப்படியில்லை.

கட்டளையின் பெயருக்கு முன்னால் எம்பி சேர்த்தேன்.
எம்பி ஆனதும் அதற்கு விவரம் வந்துவிட்டது.
நாலு எழுத்தும் முழுசாய் நின்றன.
அந்தத் தைரியத்தில்
மூட்டை லேபிளுக்கும் அதையே போட்டேன்,
ஐந்து எழுத்து தாராளம் என்று.

பிரிண்டர் கக்கியது: பொன்ன
பொன்ன
பொன்ன

பொன்னி, மூன்றே எழுத்து.
ஒன்றாம் வகுப்பில் கைவிரலால் எண்ணியது.
இயந்திரத்துக்கு ஆறு:
ப, அதைச் சூழ்ந்த கொம்பும் காலும் ஒன்றாக,
ன, ஆளில்லாமல் ஒரு புள்ளி,
இன்னொரு ன,
கடைசியாக மேல்விலங்கு.
ஐந்தோடு கதவு மூடியது.
சீன எழுத்தைக் காப்பாற்றிய அதே வெட்டு
ஆற்றின் பெயரில், அரிசியின் பெயரில் பட்டது.

உயிர்மெய் அறிந்த மூன்றாவது வெட்டு ஒன்று உண்டு.
இந்த சர்வரில் ஏற்றவில்லை.
கேட்டால் திங்கட்கிழமை என்கிறார்கள்.
வேகன் நாலரைக்கு.

முந்நூற்றுப் பன்னிரண்டு மூட்டை.
வைரக்கண்ணு என் பேனாவை வாங்கிக்கொண்டான்.
கடைசி னவின் தலையில் ஒரு வளைவு,
நகர்ந்து, இன்னொரு வளைவு.
நான் டார்ச் பிடித்தேன்.
ஏழாவது அடுக்கில் கை சலித்து
சில வளைவுகள் நுனியில் சுழித்துக்கொண்டன:
பொன்னீ
யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது.
அதை மட்டும்
நான் திருத்தச் சொல்லவில்லை.