இருப்புப் பதிவேடு

பிரிண்டிசி துறைமுக அலுவலகம்.
விசாரணையின் மூன்றாம் நாள்.
பெயர் ஒரெஸ்தே பவான்.
வேலை, மருத்துவக் கப்பலில் பண்டகக் காப்பாளர்.
நீச்சல் தெரியாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்கிறீர்கள், சொல்கிறேன்.
வலோனாவில் நங்கூரம் எடுத்தபோது
போர்வை ஆயிரத்து நூற்றுப் பத்து.
விரிப்பு அதைப்போல இரண்டு பங்கு.
கொய்னா பதினான்கு டப்பா;
அந்தக் கரையில்
துப்பாக்கியைவிடக் கொசுதான் அதிகம் பேரைச் சாய்த்தது.
மாவுக்கட்டு மாவு எட்டு மூட்டை வந்தது,
ஏழரை கொடுத்து முடித்திருந்தேன்.
ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை என்று
பெரிய டாக்டர் என் தோளில் தட்டினார்.
அந்தத் தட்டு இன்னும் வலிக்கிறது.

விளக்கா?
எல்லாம் எரிந்தது. அதுதானே சட்டம்.
மற்றக் கப்பல்கள் இரவில் மூச்சடக்கிப் போகும்,
நாங்கள் மட்டும் கல்யாண வீடு போலப் போனோம்.
விலா நீளத்துக்குப் பச்சைப் பட்டை,
அதன் நடுவே செஞ்சிலுவை,
சிலுவைக்கு நாற்பது பல்பு,
நானே எண்ணிக் கொடுத்தவை.
எவன் பார்த்தாலும் தெரியும்.
ஆனால் கண்ணிவெடி, ஐயா,
அதற்குப் பெயரில் மட்டும்தான் கண்.

விடியற்காலை நான்கு பத்து.
சத்தம் பெரிதில்லை.
அடித்தளத்தில் யாரோ
ஒரு பெட்டியைக் கைதவற விட்டதுபோல.
கையெழுத்துப் போடாமல் எவன் எடுக்கிறான் என்று
கோபம்தான் வந்தது முதலில்.
பிறகு அறை சாய்ந்தது.
கட்டுத்துணிச் சுருள்கள் தாமாகவே அவிழ்ந்து
கதவை நோக்கி ஓடின.
வந்த தண்ணீரைப் பஞ்சு குடித்தது,
தன்னால் ஆன மட்டும்.

அப்போதுதான் சிஸ்டர் வந்தாள்.
முழங்கால் வரை நனைந்து, தொப்பி இல்லாமல்.
மாவுக்கட்டு வெட்டும் கத்தரி மூன்றும் வேண்டும் என்றாள்.
மூன்றாம் வார்டில் முப்பத்தொரு பேர்,
இடுப்பிலிருந்து கால்விரல் வரை கட்டு.
சார்டீனியாக்காரன் எஃபிசியோ,
எல்லோரையும் சிரிக்க வைப்பவன்,
சுவரைப் பிடித்து உட்கார முயல்கிறானாம்.

சாவி என் இடுப்பில் இருந்தது.
அலமாரியைத் திறந்தேன்.
பிறகு,
பதினோரு வருடப் பழக்கம்,
பதிவேட்டையும் திறந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.
திட்டவில்லை.
பென்சிலை வாங்கி முழுப்பெயரையும் எழுதினாள்:
தொமிதில்லா ஜான்கனாரோ.
எவ்வளவு நீளமான பெயர்.
எழுத்து ஒன்றுகூடச் சாயவில்லை,
கப்பல்தான் சாய்ந்துகொண்டிருந்தது.

ஒரு கட்டை வெட்ட அரை மணி நேரம் ஆகும்.
கப்பலுக்கு இருந்தது பத்தொன்பது நிமிடம்.
கணக்கு எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.
கத்தரிகளை மார்போடு அணைத்துக்கொண்டு
படியில் இறங்கினாள்.
ஏறவில்லை, இறங்கினாள்.
சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் எப்படிப் பிழைத்தேன் என்று
நீங்கள் இன்னும் கேட்கவில்லை.
ஒரு தக்கைப் பெட்டி.
ஒத்ராந்தோ மீனவர்கள்
கொக்கியால் என் சட்டையை இழுத்தார்கள்.
சட்டைக்குள் இது இருந்தது.
மையில் எழுதியதெல்லாம் நீலக் குழம்பு,
போர்வை, விரிப்பு, கொய்னா, என் ஒழுங்கு, எல்லாம்.
பென்சில் மட்டும் கரையவில்லை.
பாருங்கள், கடைசி வரி.

படிவத்தில் மூன்று பத்தி இருக்கிறது,
தொலைந்தது, தேய்ந்தது, பயன்பட்டது.
கத்தரி மூன்றையும் எதில் சேர்க்க?
ஒருவனையாவது அவள் விடுவித்திருந்தால்
பயன்பட்டது என்று எழுதலாம்.
பார்த்தவர் யாரும் மேலே வரவில்லை.
அந்த இடத்தை வெறுமையாக விட
விதி இருக்கிறதா, ஐயா?

சரி. வாக்குமூலத்தின் அடியில்
எங்கே கையெழுத்துப் போடவேண்டும், காட்டுங்கள்.
என் பெயர் சின்னது.
சீக்கிரம் முடிந்துவிடும்.