தட்டுக்கு இருநூற்றைம்பது

ஷீப்ஸ்காட் ஆறு கடலைத் தொடும் முன்
நாளுக்கு இருமுறை மனம் மாறும்.
மறுபடி மாறுவதற்குள்
எனக்கு மூன்றரை மணி நேரம்.

குட்டைக் கைப்பிடி, ஆறு பல் கொத்து.
குனிந்தால் நிமிர்வது ஓதம் முழங்காலைத் தொடும்போதுதான்.
பெர்லி முப்பது வருஷமாய் நிமிரவில்லை;
கடையில் பால் வாங்கும்போதும்
சில்லறையைத் தவறவிட்டவன் மாதிரியே நிற்பான்.

ஒரு புரட்டு.
சேறு ஏப்பம் விடும்.
வெட்டிய சுவரில் ஊசி போன தடமாய் ஒரு வளை.
இழு, மெதுவாக.
அறுந்தால் விலை கிடையாது.
இளஞ்சிவப்புத் தோலுக்குள் ஓடுவது
என்னுடையதைப் போலவே சிவந்த ரத்தம்.
எலும்பு என்கிற தொல்லை மட்டும் இல்லை.

கடிக்கும்.
சட்டைக் கையைப் புரட்டுவதுபோல்
தொண்டையை வெளியே புரட்டி
நான்கு பற்களால்.
அந்தப் பற்களில் செம்பு இருக்கிறதாம்.
சல்லடையோடு வந்த பல்கலைக்கழகப் பெண் சொன்னாள்.
கண்ணில்லாத ஒன்று இந்தச் சேற்றில்
செம்பை எப்படித் தேடிச் சேர்த்தது
என்று கேட்டேன். சிரித்தாள்.
எங்கள் வீட்டில் செம்பு என்றால் தண்ணீர்க் குழாய்.
அதையும் போன குளிர்காலத்தில் கழற்றி விற்றோம்.

மிளகளவு நத்தை, அரிசி நீளத்தில் கூனிகள்,
நூலாய் நெளிகிற பெயர் தெரியாதவை,
எல்லாவற்றையும் எண்ணி எழுதிக்கொண்டு
திரும்பச் சேற்றிலேயே விட்டாள்.
எண்ணியதைத் திருப்பி விடுகிற உத்தியோகம்!

நான் எண்ணுவது லேமனின் கொட்டகையில்.
தட்டுக்கு இருநூற்றைம்பது.
பாசி சுற்றி விமானம் ஏறிப் போகும்
எந்த ஊர்த் தூண்டிலுக்கோ.

ஜூன் முதல் வாரம், நிறை ஓதம், பிற்பகல்.
படகுத்துறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
ஆறு கொதிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

புழுக்கள்.
குடலைக் கரைத்து, சினையால் மட்டும் நிரம்பி,
வாழ்நாளில் ஒரே தடவை நீந்தத் தெரிந்து
மேலே வந்திருந்தன.
சுழன்று சுழன்று வெடித்ததில்
துறையோரத் தண்ணீர் அரிசி களைந்த நீரானது.
கடற்காகங்கள் அலறிக்கொண்டே தின்றன.

பெர்லி வந்தான். கீழே பார்ப்பது அவனுக்குச் சுலபம்.
"எத்தனை டாலர் மிதக்குது பார்."
எண்ணத் தொடங்கினான், விரல் நீட்டி.
பதினேழில் நிறுத்திவிட்டு
விரலைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

ஓதம் இறங்கியதும் சேறெங்கும்
கையுறையிலிருந்து பிய்ந்த விரல்களாய் வெறும் தோல்கள்.
ஒன்றை எடுத்து நகத்தால் கீறினேன்.
உள்ளே யாருமில்லை.
கறுத்து, கூராய், நான்கு பற்கள் மட்டும்
அப்போதும் விரலில் மாட்டின.