பெம்மக்கா

சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் இறங்கிய
பன்னிரண்டு ஃபைபர் படகுக்கும்
பணம் கொடுத்தவர்களே பெயரும் கொடுத்திருந்தார்கள்.
டச்சுக்காரர்கள்.

எழுதியவன் நான். நீல எனாமல்,
எழுத்துக்கு ஆறு ரூபாய்.
ஃபெம்கே.
ஆய்தத்துக்குத் தனிக் காசு வாங்கினேன்.

ஈரம் காயுமுன் பெம்கா என்றான் அஞ்சப்பன்.
ஏலக்காரர் பெம்மக்கா என்றார்,
அதுவே நின்றது.
பக்கத்துக் கெரிட்
ஒரே வாரத்தில் கருடன்.

இந்த மாசியில் ஒருத்தி வந்தாள்,
வெயிலில் சிவந்து, கையில் படகின் புகைப்படம்.
அவள்தான் ஃபெம்கே. அப்போது நாலு வயதாம்.
கெரிட் அவள் அண்ணன்:
ஈட்டி, உறுதியான ஈட்டி என்று பொருளாம்.
அடடா,
வேலப்பன் என்றே எழுதியிருக்கலாம்.

உன் பெயருக்கு?
முன்பாதி அமைதி.
கடைசியில் அந்தக் ‘கே’?
இரண்டு விரலை நெத்திலி அளவுக்கு
விலக்கிக் காட்டினாள்.
சின்ன. குட்டி.

அவர்கள் குட்டி என்று ஒட்டிய இடத்தில்
நாங்கள் அக்காவை ஒட்டியிருக்கிறோம்,
இத்தனை வருஷமாக,
அலைக்கு எதிரில்.

இதை எந்த மொழியில் சொல்ல?
யோசிப்பதற்குள் அஞ்சப்பன் கத்தினான்:
“பெம்மக்காவத் தள்ளணும், நாலு பேரு வாங்கடா!”

அவள்
திரும்பிப் பார்த்தாள்.