குழாய்க்குக் கீழே நான்கு அங்குலம்

வியாசர்பாடியில் பழைய டிரம் கடை.
மூடியைத் திறந்து நீட்டினார்:
"மோந்து பாரும்மா. கெமிக்கல் கிடையாது.
வெள்ளரிப் பிஞ்சு, காடியில ஊறப்போட்டு
கப்பல்ல அனுப்புவாங்களே, அது."
இருநூறு லிட்டர், நீலம்.
எண்ணூறு சொன்னதை அறுநூறாக்கினேன்.
கொரட்டூர் வரும்வரை ஆட்டோவில்
அதற்கு முக்கால் சீட்,
எனக்குக் கால்.

எங்கள் போர் தண்ணீர் அப்படி.
தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளை பூக்கும்,
செடியில் மட்டும் ஒன்றும் பூக்காது.
மூன்று கறிவேப்பிலைக் கன்றுகள்
ஊற்ற ஊற்றச் செத்தன.
நான்காவது கேட்டுப் போனபோது நர்சரிக்காரர்
கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

கரண்ட் பில் அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
அறுநூறு சதுர அடி மொட்டைமாடி.
ஒரு சென்டிமீட்டர் மழைக்கே
ஐந்நூற்றைம்பது லிட்டர்.
இதையா இத்தனை வருஷம்
தெருவுக்கு அனுப்பிவிட்டு
லாரிக்கு போன் போட்டுக்கொண்டிருந்தேன்?

ஏழு முறை கழுவினேன். சோப்பு, சாம்பல், எலுமிச்சைத் தோல்.
காடி வாசம் போகவில்லை.

குழாய்க்கு ஓட்டை போடுவது சுலபம்.
மெஹ்பூப் கடையில் ட்ரில் வாடகைக்குக் கிடைத்தது,
தரையெங்கும் நீலச் சுருள்.
கஷ்டம் அதற்கப்புறம்.
வெளியே ஒருவர் குழாயைத் திருக
உள்ளே ஒருவர் நட்டைப் பிடிக்க வேண்டும்.
கஜபதியின் தொந்தி விளிம்போடு நின்றுவிட்டது.
டிரம்மைப் படுக்கவைத்து
நான் ஊர்ந்து போனேன்.

உள்ளே வெளிச்சமே நீலம்.
என் மூச்சு எனக்கே திரும்பி வந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம் அவர் நிழல்,
ஸ்பேனரோடு.
"பிடிச்சியா?"
"பிடிச்சேன்."
"வாஷர் உள்பக்கம்தானே?"
"உள்பக்கம்தான்."
பதினோரு நாளில்
நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.
சண்டை எதற்கென்று டிரம்முக்குச் சொல்லவில்லை,
இங்கேயும் சொல்வதாக இல்லை.
நட்டு இறுகிய பிறகும்
கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

ஐப்பசி. ராத்திரி இரண்டே கால்.
முதல் தண்ணீரில் காக்கா எச்சமும் தூசியும் வரும்,
அதை வெளியே விட்டுவிட்டுத்தான்
பைப்பைத் திருப்ப வேண்டும்.
குடையோடு அவர், டார்ச்சோடு நான்.
ஒரு காபி ஆறும் நேரத்தில் டிரம் நிறைந்தது.
மிச்ச மழை அதன் தலைமேல் வழிந்து
எங்களைக் கேட்காமல் ஏரிப்பக்கம் போனது.
"இன்னும் ரெண்டு வாங்கியிருக்கலாம்" என்றார்.
குழாயடி சொட்டிக்கொண்டிருந்தது.
வெளிப்பக்கமும் ஒரு வாஷர் போட்டிருக்க வேண்டும்.

கொசுப்புழு தேடி
கார்ப்பரேஷனிலிருந்து ஜான்சிராணி வந்தார்.
வாய்க்குக் கட்டிய வலையை விரலால் சுண்டினார்,
டார்ச் அடித்தார்,
'டிரம் ஒன்று, புழு இல்லை' என்று எழுதி
நோட்டை நீட்டினார்.
வீட்டுப் பத்திரத்தில்கூட
நான் அவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட்டதில்லை.

பங்குனியில் குழாய் நின்றது.
தட்டினால் அடியில் சத்தம்.
குழாய்க்குக் கீழே நான்கு அங்குலம்:
இருக்கிற தண்ணீர்,
வராத தண்ணீர்.
ஓட்டையை இன்னும் இறக்கிப் போட்டிருக்கலாம்.
யார் கண்டது.

ஒரு காலையில் இருவருமாகச் சாய்த்தோம்,
அவர் விளிம்பை, நான் அடியை.
பக்கெட் வைக்க மறந்துபோய்
பாதி எங்கள் காலில்,
பாதி தொட்டியில்.
காடி வாசம் இன்னும் லேசாக.

நான்காவது கன்றை எண்ணினேன்.
பதினேழு ஈர்க்கு.
ரசத்துக்கு ஒன்று கிள்ளவா என்றார்.
இப்போது வேண்டாம் என்றேன்.