முப்பத்தொன்றாவது கையெழுத்து

லியெபாயாவைக்
காற்று பிறக்கும் ஊர் என்பார்கள்.
பிறந்த கையோடு அது
எங்கள் ஐந்தாம் மாடிக்குத்தான் வரும்.

அறுபது வீடு. மூன்று படிக்கட்டு.
நிலவறையில் எரிவாயு தின்னும் ஒரு கொதிகலன்,
எல்லாருக்கும் ஒரே அளவில்
கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது.
கீழ்வீட்டில் சூடு தாங்காமல்
சன்னலைத் திறந்து போட்டிருப்பாள் விஸ்மா,
பிப்ரவரியில்.
மேலே கோட்டைக் கழற்றாமல்
சூப் குடிப்பார் டிராம் ஓட்டும் யெஃபிம்.
இருவருக்கும் ஒரே பில்.

நான் சங்கத்தின் பொருளாளர்.
கூட்டத்துக்குத் தாமதமாகப் போனதால் கிடைத்த பதவி.
நகராட்சி கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு
கதவு கதவாகத் தட்டினேன்:
சுவருக்குப் போர்வை,
கூரைக்குச் சூரியத் தகடு,
கடையின் ஐஸ் பெட்டிகள்
முதுகுப் பக்கம் விடும் பெருமூச்சைப்
பிடித்துவர ஒரு குழாய்,
சாக்கடையிலிருந்து சூட்டை மட்டும்
இறைத்தெடுக்கும் பம்பு.
ஐந்து கட்டடம், ஒரு பள்ளி, ஒரு கடை,
எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கு.
ஆண்டு முடிவில்
வாங்கியதைவிடக் கொடுத்தது
கொஞ்சமாவது கூட இருக்கவேண்டும்.

"என் குளியல் தண்ணீரா அடுத்தவன் வீட்டுக்கு?"
என்றாள் ரிம்மா.
தண்ணீர் இல்லை, அதன் சூடு மட்டும் என்றேன்.
"அப்படியானால் இனி நிதானமாகக் குளிக்கிறேன்"
என்று போட்டாள்.
ஓயார்ஸ் இருபது வருடக் கடன் என்றதும்
கதவைச் சாத்தினார்.
நான் இரண்டு படி இறங்கியபிறகு திறந்து,
என் பேனா சரியில்லை என்று
தன் பேனாவால் போட்டார்.

முப்பது ஆயிற்று.
முப்பத்தொன்று வேண்டும்.

விஸ்மா என்னை உள்ளே கூப்பிட்டாள்.
சன்னலோரம், மேசை மேல், கட்டிலடியில்
தயிர்க் கோப்பைகளில் தக்காளி நாற்று.
இருநூற்றுப் பதினாறு. எண்ணிச் சொன்னாள்.
மே மாதச் சந்தையில் அவை
அவளுடைய கண் சொட்டுமருந்து,
மூக்குக்கண்ணாடி, மகனுக்கு அனுப்பும் பணம்.
"எல்லாருக்கும் சரியாகப் பிரித்தால்
என் மிச்சச் சூடு எங்கே போகும்?"
தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
நான் தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அன்றிரவு என்ன நினைத்தாளோ,
ஒரே ஒரு கோப்பையைக் கையில் பொத்திக்கொண்டு
ஐந்தாம் மாடி ஏறியிருக்கிறாள்.
பத்தொன்பது வருடத்தில் முதல்முறை.
யெஃபிமின் சன்னலில் வைத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிட்டாள்.
விடிகாலை முதல் டிராமுக்குக் கிளம்பியவர்
கருத்துச் சுருண்ட நாற்றை
அவள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.
அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மதியம் அவளே என் கதவைத் தட்டினாள்.
"மேலே ஆள் குளிரில் இருக்கிறான் என்றாய்.
செடி செத்துவிடும் என்று
சொல்லவே இல்லையே?"

கையெழுத்தின் கீழே
தன் கையால் ஒரு வரி சேர்த்தாள்:
பம்பு அறையில் ஒரு சுவர், இரண்டு அலமாரி,
மார்ச் முதல் மே வரை விளக்கு.
நகராட்சி வக்கீல் அதை மூன்றுமுறை படித்தார்.
அடிக்கவில்லை.

இது இரண்டாவது குளிர்காலம்.
நடுவில் இரண்டு நாள் பம்பு நின்று
எல்லாரும் என்னைத் திட்டினார்கள்.
கொதிகலன் இருந்த இடத்தில்
இப்போது சைக்கிள்கள்.
கீழ்வீட்டுச் சன்னல் சாத்தியே இருக்கிறது.
நிலவறையின் சின்னக் கண்ணாடி வழியே
ராத்திரியில் ஊதா வெளிச்சம் கசிகிறது,
அடியில் யாரோ விடியலைப்
பதுக்கி வைத்திருப்பதுபோல.
யெஃபிம் வீட்டில் சட்டையோடு இருக்கிறார்.
கோட்டுக்கு ஓர் ஆணி அடிக்க வேண்டியிருந்தது.

கணக்கு மட்டும் இன்னும் நேராகவில்லை.
டிசம்பரில் சூரியன்
தலைகாட்டிவிட்டுப் போவதோடு சரி;
சென்ற ஆண்டு நானூறு யூனிட்
கொடுத்ததைவிட வாங்கியிருக்கிறோம்.
கூட்டத்தில் சொன்னேன்.
எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து ரிம்மா
இன்னும் நேரமெடுத்துக் குளிக்கிறாள்.
அதனால் கணக்கு ஏறாது, குறையும் என்று
நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.