நின்ற இடம்

ராமநாதபுரம் கோர்ட்டில், நகல் பிரிவு, என் ஜன்னல்.
பக்கத்துக்கு இவ்வளவு, முத்திரைக்குத் தனி.
கரையான் தின்ற வரிக்கு நேரே
'படிக்க இயலவில்லை' என்று போடலாம்.
அந்த அளவுக்கு எனக்கும் அதிகாரம் உண்டு.

கள்ளிமுனைக் கட்டு வந்தால்
மேசை ஒரு பக்கம் சாயும்.
அலைகாத்த அம்மன் கோயில், பங்குனிக் கடைசி வெள்ளி,
பூசாரி தட்டோடு திரும்பும்போது
காளாஞ்சி முதலில் யார் கைக்கு,
பரிவட்டம் முதலில் யார் தலைக்கு.
கேள்வி இவ்வளவுதான்.
வேலப்பர் வகையறா வாதி,
கருமலையான் வகையறா பிரதிவாதி.
செத்தவர் பெயரை அடித்துப் பிள்ளைகள்,
அதையும் அடித்துப் பேரன்கள்.
தீர்ப்பாகி, அப்பீலாகி, மதுரை போய்த் திரும்பி வந்து
மறுபடி முதலிலிருந்து வாய்தா.
ஒரு ராசா கொடுத்ததாக இவர்கள் ஒரு செப்பேடு,
அதே ராசா கொடுத்ததாக அவர்களும் ஒன்று.
இரண்டும் ஒரே தட்டான் கை என்று
ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதி அழித்திருக்கிறார்கள்.
அழித்தது தெரிகிறது.

நடுவில் ஒரு கலவரம். மூன்று வள்ளம் எரிந்தது.
வாதியுடையதும் இல்லை, பிரதிவாதியுடையதும் இல்லை.
அதற்குத் தனி நம்பர்.
அந்தக் கட்டு கிடைக்கவில்லை.

போன வாரம் சாட்சி வாக்குமூலத்துக்கு நகல் கேட்டார்கள்.
மூன்றாம் சாட்சி சடையாண்டி, வயது சுமார் நாற்பது,
தகப்பன் பெயருக்கு விட்ட இடம் காலி,
தொழில் வெளுப்பு.
என் அம்மாவின் அப்பா.
வீட்டில் ஒரு போட்டோகூட இல்லாத மனுஷன்
இங்கே ஒன்றரைப் பக்கம் இருந்தார்.

பரிவட்டத் துணியை வெளுத்தது யார்?
நாந்தான் சாமி.
வருஷா வருஷமா?
ஆமா. உவர்மண்ணு போட்டு. கஞ்சி போடக் கூடாது, நெத்தியில வெட்டும்.
முதலில் யார் தலையில் கட்டினார்கள்?
பாக்கலை.
கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது நீதானே?
குடுத்தேன். நின்ன எடத்துலேர்ந்து தெரியாது.
எங்கே நின்றாய்?
நிக்கச் சொன்ன எடத்துல.

கீழே கைநாட்டு.
காரத்தில் ரேகை தேய்ந்து
வழுவழுவென்று ஒரு நாவல்பழம்.
தீர்ப்பில் அவருக்கென்று ஒரு வரி:
'இந்தச் சாட்சியால் இரு தரப்புக்கும் பயனில்லை.'
அதை இரண்டு தடவை டைப் அடித்தேன்.
முதல் தடவையும் பிழை ஒன்றும் இல்லை.

புயலுக்கு அப்புறம்
கமிஷனராக ஒரு வக்கீல் போய் அளந்து வந்தார்.
தாவா இடமாகிய முன்மண்டபம்
ஏற்றத்தில் இடுப்பளவு, வற்றத்தில் கணுக்காலளவு தண்ணீரில்.
வடமேற்குத் தூணில் எவரோ கட்டிப்போட்ட
நண்டு வலை, படம் ஆறு.
அம்மன் இப்போது பள்ளிக்கூடத்துச் சத்துணவு அறையில்,
பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில்.
வழக்கு நிற்கவில்லை.
தண்ணீருக்குள் யார் முன்னால் நிற்பது என்று
திருத்த மனு போட்டிருக்கிறார்கள்.

இன்று நகல் தயார்.
இரண்டு வகையறாப் பேரன்களும் ஜன்னலுக்கு வெளியே,
தகரக் கூரையின் வெக்கைக்குக் கீழே,
தோள் இடிக்காமல் தோளுக்குத் தோள்.
வேணுமென்று கேட்கவில்லை,
எல்லாரிடமும் கேட்பதுதான்:
'யாரு முதல்ல வந்தது?'

ஒருவரும் வாய் திறக்கவில்லை.
சொன்னால் பதிவாகிவிடும் என்பது போல
என் பேனாவையே பார்த்தார்கள்.
ஜீவனாம்ச உத்தரவு நகலுக்கு வந்தவள் ஒருத்தி,
கையில் நெத்திலி வாடை,
'நான் வந்து அரை மணியாச்சு' என்று
அந்த இரண்டு தோளுக்கும் நடுவே கையை நீட்டினாள்.

வாங்கி எண்ணினேன்.
சில்லறை சரியாக இருந்தது.